வாங்கிய பழியும் வளர்த்த பிள்ளையும்

2008ஆம் ஆண்டு மலாக்கா மாநிலம் இந்தி நடிகர் ஷாருக் கானுக்கு டத்தோ பட்டம் கொடுத்தபோது, உள்ளூர்க் கலைஞனுக்கு எட்டாதது பம்பாய்க்காரருக்கு எப்படி எட்டியது என்று கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. அவர் நடித்த படம் ஒன்றின் காட்சிகள் மலாக்காவில் எடுக்கப்பட்டன, அதனால் மாநிலத்துக்கு வெளியே பெயர் கிடைத்தது என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம். 2001இல் வந்த ‘ஒன் டூ கா ஃபோர்’ என்பது அந்தப் படம். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தும் ஓடாமல் போனது. பட்டத்தைப் பற்றி வாய் வலிக்கப் பேசியவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

கதை எளிது. போலீஸ்காரர்கள் இருவர், நண்பர்கள். மூத்தவர் மனைவியை இழந்தவர், நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் கொல்லப்படுகிறார். நண்பனைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறியும், நண்பன் விட்டுப்போன நான்கு வயிறுகளும் இளையவர் தலையில் ஒரே நாளில் இறங்குகின்றன. பாட்டும் கூத்தும் அடிதடியுமாகப் போகிற படம்தான். ஆனாலும் அது ஒரு கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. செத்தவனுக்கு நாம் பட்ட கடன் எது? கொன்றவனின் ரத்தமா, அவன் பிள்ளைகளின் சோறா? இரண்டையும் கொடுத்துவிடலாம் என்று சினிமா சொல்லும். மூன்று மணி நேரத்தில் அது முடியும். வாழ்க்கையில் ஒன்றைக் கொடுக்கப் போனவனுக்கு மற்றதைக் கொடுக்கக் கை இருப்பதில்லை, கை இருந்தாலும் அதில் விலங்கு இருக்கும்.

குடும்பம், கொலை, பழி என்ற மூன்றையும் வைத்து இந்தி சினிமா எடுத்த படங்களில் இந்தக் கணக்கை ஒளிக்காமல் கடைசிவரை எழுதிக்காட்டியது அனுராக் காஷ்யப்பின் ‘கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்’. 2012இல் இரண்டு பாகமாக வந்தது, சேர்த்துப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். தமிழனுக்கு அதில் ஒரு சொந்தம் உண்டு. பாலா, அமீர், சசிகுமார் என்ற மதுரை மூவருக்கு நன்றி சொல்லித்தான் படம் தொடங்குகிறது. மதுரையின் அரிவாள் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் துப்பாக்கியாகிறது.

கதையில் ஷாஹித் கான் என்பவனை ராமாதீர் சிங் என்பவன் கொல்லச் செய்கிறான். மகன் சர்தார் மொட்டையடித்துக்கொண்டு, பழி தீர்க்கும்வரை முடி வளர்ப்பதில்லை என்று சபதம் எடுக்கிறான். சபதம் நிறைவேறுவதற்குள் அதிகாரமும் பணமும் இரண்டாவது மனைவியும் வந்துவிடுகிறார்கள், அவனும் சுடப்பட்டுச் சாகிறான். மூத்த மகன் சாகிறான். கஞ்சாவில் கிடந்த அடுத்தவன் ஃபைசலைத் தாய் ஏசி எழுப்புகிறாள். தாத்தாவுக்கும் அப்பனுக்கும் அண்ணனுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிற ஃபைசல், இரண்டாம் பாகத்தின் இறுதியில் ராமாதீரைத் தோட்டா தீரத் தீரச் சுட்டுத் தள்ளுகிறான். அடுத்த சில நிமிடங்களில் அவனைச் சுடுவது யார்? சர்தாரின் இரண்டாவது மனைவி பெற்ற பிள்ளை. தந்தையின் பழியைத் தீர்த்தவனைத் தந்தையின் இன்னொரு மகனே தீர்த்துக்கட்டுகிறான்.

எஞ்சுவது ஒரு கிழவர், ஒரு விதவை, ஒரு கைக்குழந்தை. கிழவர் பெயர் நாசிர். தகப்பனை இழந்த சர்தாரைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். மூன்று தலைமுறை துப்பாக்கி தூக்கியபோது கூடவே இருந்து, கடைசியில் மறுபடியும் ஒரு பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு பம்பாய்க்கு வந்து சேர்கிறார். படத்தைக் கொண்டாடிய இளைஞர்கள் ஃபைசலின் வசனத்தைத்தான் மனப்பாடம் செய்தார்கள். நாசிரைப் போல நடித்துக்காட்டிய ஒருவனையும் பார்க்க முடியாது.

தமிழில் ‘பழி’ என்ற சொல் விசித்திரமானது. செய்த குற்றத்துக்கும் பழி, அதனால் வரும் கெட்ட பெயருக்கும் பழி, அதற்குத் திருப்பிச் செய்வதற்கும் பழி. திருப்பிச் செய்வதைச் சொல்ல நம்மிடம் இரண்டு வினைகள் இருக்கின்றன. ‘பழி தீர்த்தான்’ என்போம், கடன் தீர்ந்தது போல. ‘பழி வாங்கினான்’ என்றும் சொல்வோம், கடையில் சாமான் வாங்கியது போல. தீர்ப்பதாக நினைத்துப் போனவன் உண்மையில் வாங்கிக்கொண்டு வருகிறான். வாங்கியவன் கையில் வாங்கிய பொருள்தான் இருக்கும். அவனும் செத்துப்போனால் அது பிள்ளைக்குப் போகும். தகப்பன் பட்ட பணக்கடனுக்கே அவன் விட்டுப்போன சொத்தளவுக்குத்தான் பிள்ளை பொறுப்பு. பழிக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. பெற்றுக்கொள்ளச் சம்மதமா என்று வாரிசை யாரும் கேட்பதும் இல்லை.

அறவியல் நோக்கில் பழிவாங்கலின் முதல் குறை இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. கொல்வது பாவம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, பழியின் விலையை எப்போதும் பேரத்தில் இல்லாத ஒருவன் கட்டுகிறான் என்பது. சர்தாரை மொட்டையடித்துக்கொள்ளச் சொன்னது யார்? செத்த தகப்பன் கேட்கவில்லை. செத்தவர்கள் எதையும் கேட்பதில்லை. அவர்கள் பெயரில் நாம்தான் கேட்டுக்கொள்கிறோம்.

தமிழர் இதை வாஸேபூரிலிருந்து படிக்க வேண்டியதில்லை. நம்முடைய முதல் இரண்டு காப்பியங்களையும் சேர்த்து வாசித்தால் அது இரண்டு தலைமுறை ஓடுகிற குடும்பக் கதை, நடுவில் ஒரு கொலை.

கண்ணகியைப் பழிவாங்கிய பெண் என்று சுருக்கிவிடுகிறோம். அவள் செய்தது முதலில் வழக்காடியது. கையில் சான்று கொண்டுபோனாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சபையில் உடைத்துக் காட்டினாள். பாண்டியன் தவறை உணர்ந்த இடத்திலேயே உயிர்விட்டான். வழக்கு அங்கே முடிந்தது. அதற்கு மேல் நடந்தது தீ. அந்தத் தீயிலும் அவள் குழந்தைகளையும் முதியோரையும் பத்தினிப் பெண்களையும் பசுக்களையும் விட்டுவிடச் சொல்கிறாள். பழியின் உச்சத்திலும் யாரைத் தொடக்கூடாது என்ற ஒரு கோடு அவள் மனத்தில் இருந்தது. இன்றைய பாராங் கத்திக்கு அந்தக் கோடு தெரியாது.

அதற்குப் பிறகு வருவதுதான் கூர்மையானது. எரிகிற மதுரையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஒரு பழைய கதையைச் சொல்கிறது. முற்பிறவியில் அவள் கணவன் கோவலன், சங்கமன் என்ற வணிகன்மீது ஒற்றன் என்று பொய்க்குற்றம் சுமத்திக் கொலைப்படச் செய்தான். சங்கமனின் மனைவி நீலி அழுது அலைந்து, சாபமிட்டு உயிர்விட்டாள். அந்தச் சாபம்தான் கண்ணகியின் தலையில் வந்து விடிந்தது. அதாவது தன் கணவனுக்காக நியாயம் கேட்ட ஒரு பெண்ணின் துயரம், பிறவி தாண்டி வந்து, தன் கணவனுக்காக நியாயம் கேட்கும் இன்னொரு பெண்ணை உண்டாக்குகிறது. ‘மணிமேகலை’யில், வஞ்சியில் தெய்வமாக நிற்கும் கண்ணகியே, சினத்தில் ஊரெரித்த வினையைத் தானும் பின்னால் அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று சொல்கிறாள். கோயில் கட்டிக் கும்பிட்ட பிறகும் அவள் கணக்கைக் காப்பியம் தள்ளுபடி செய்யவில்லை.

அவளிடம் அதைக் கேட்டவள் கொலையுண்ட கோவலனின் மகள், மாதவி பெற்ற மணிமேகலை. நியாயப்படி பழிக்கு வாரிசு அவள். அவள் கையில் எடுத்தது அமுதசுரபி. அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அவளை விரும்பித் தொடர்ந்த இளவரசன் உதயகுமரன், காஞ்சனன் என்ற விஞ்சையன் கையில் வெட்டுண்டு சாகிறான். அங்கே ஒரே பிணத்துக்கு முன்னால் பெற்றவர் இருவரும் இரண்டு வழியில் பிரிகிறார்கள். தந்தையாகிய அரசன், தான் செய்திருக்க வேண்டிய தண்டனையை வேறொருவன் செய்துவிட்டான் என்று ஏற்றுக்கொள்கிறான். தாய் இராசமாதேவியால் முடியவில்லை. மணிமேகலையைத் தன் காவலுக்குள் வாங்கி, மருந்து கொடுத்துப் பித்தேற்றப் பார்க்கிறாள், ஒரு முரடனை ஏவுகிறாள், உணவில்லாமல் அடைத்துவைக்கிறாள். எதுவும் பலிக்காமல் கடைசியில் அவளையே வணங்குகிறாள். மகனை இழந்த தாயைக் காப்பியம் பாடிய சாத்தனார் அரக்கியாகக் காட்டவில்லை. அவள் வலி உண்மையானது, இலக்குத் தவறானது. கொன்றவன் காஞ்சனன், அவன் விண்ணில் பறந்துபோய்விட்டான். கைக்கு எட்டியவள் மணிமேகலை. பழி எப்போதும் கைக்கு எட்டியவரைத்தான் பிடிக்கும்.

திரையில் பழி இனிப்பதன் சூட்சுமமும் இங்கே விளங்கும். படம் பார்ப்பவன் கண்கண்ட சாட்சி. யார் ஏவினான், யார் சுட்டான், எந்த மேசையில் பேரம் நடந்தது எல்லாவற்றையும் கேமரா அவனுக்குக் காட்டிவிட்டது. ஆகவே கதாநாயகன் கத்தியை ஓங்கும்போது அவன் மனம் உறுத்துவதில்லை. மலாக்காவில் ஏதோ ஒரு தாமானில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கேமரா இல்லை. விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை அனுப்பியவனுக்கு வேறொருவன் சொன்னது, அவனுக்கு இன்னொருவன் சொன்னது. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய இடத்தில் இவர்கள் ஃபோனைக் காட்டுகிறார்கள்.

இந்த மண்ணில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் தான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் போட்டது. பிறகு புக்கிட் ஆசஹான். அங்கிருந்து தொடங்கி மாநிலமெங்கும் பால்மரக் காட்டில் மூன்று நான்கு தலைமுறை தமிழர்கள் வாழ்ந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயும், எண்பது தொண்ணூறுகளில் நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் லயன் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மலாக்காவின் செங் வட்டாரமும் இன்று தொழிற்சாலைகளும் தாமான்களும்தான். மாசி மகத்துக்குப் பட்டணத்துப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்குத் தேர் வரும்போது, சிதறிப்போன தோட்டத்து முகங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

தோட்டம் சொர்க்கம் இல்லை. கள்ளுக்கடை வாசலில் மண்டை உடைந்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஆனால் மண்டை உடைந்த மறுநாள் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேச ஒரு கோயில் தலைவரோ, கங்காணி வழிவந்த பெரியவரோ, சங்கத்து ஆளோ இருந்தார். அவர் பேசியது எப்போதும் நியாயமாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. பேசுவதற்கு ஓர் இடம் இருந்தது என்பது மட்டும் நிச்சயம். மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போன குடும்பம் அந்த இடத்தைக் கொண்டுபோகவில்லை. அங்கே இருந்த வெற்றிடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்தன. 04, 08, 36 என்று எண்ணையே பெயராகக் கொண்ட கும்பல்கள். உள்துறை அமைச்சு 2013 ஆகஸ்டில் 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர் என்று அது கணக்கிட்ட ஏறத்தாழ நாற்பதாயிரம் பேரில் எழுபது விழுக்காட்டுக்குமேல் இந்தியர். மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வந்த ‘ஜகாட்’ இதைத்தான் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் உயரத்திலிருந்து காட்டியது. கெட்டவன் என்ற பொருள்படும் மலாய்ச் சொல் தமிழன் வாயில் பட்டுத் தேய்ந்து நிற்கிற பெயர் அது. கதை 1991இல் நடக்கிறது, தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில். உழைத்து மகனைப் படிக்கவைக்கப் பார்க்கிற தகப்பன், அடியைத் தவிர வேறு மொழி தெரியாதவன். கும்பலில் இருக்கும் சித்தப்பாவோ பையன் கண்ணுக்குக் கதாநாயகன். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் அதற்குச் சிறந்த மலேசியப் படம் என்ற விருது கிடைத்தது. இந்திப் படங்கள் போல அது பழியை மகத்தான காரியமாக்கவில்லை. கும்பல் கொடுக்கும் முதல் பொருள் கத்தி இல்லை, உறவு என்பதை அது புரிந்துவைத்திருந்தது. அண்ணன், தம்பி, மாமன் என்ற சொற்களைக் கும்பல் கடன் வாங்குகிறது. அதனால்தான் ஒருவன் செத்தால் அதைக் குடும்பச் சாவாக்கிப் பழி கேட்க அதற்கு முடிகிறது. இறுதி ஊர்வலங்களில் கும்பல் எண் பொறித்த சட்டையும் கொடியும் வேண்டாம் என்று போலீஸ் பலமுறை எச்சரிக்க வேண்டிவந்ததும் இதனால்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது இலேசானதும் இல்லை. சட்டம் ஏழைக்கு வேலை செய்யாதபோது என்ன செய்வது? மன்னித்துவிடு என்று உபதேசிப்பவர்கள் பெரும்பாலும் எதையும் இழக்காதவர்கள். திருக்குறளில் பொறையுடைமை என்றும் இன்னா செய்யாமை என்றும் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. மேடையில் அவற்றை முழங்குவது சுலபம், பிணவறை வாசலில் நிற்பவளிடம் சொல்வது அநாகரிகம். அவள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கொல்லப்பட்டவன் ஒரு பொருட்டான உயிர் என்பதை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்கிறாள். கோபமே வராத குடும்பம் உயர்ந்த குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. செத்தவனை அது மதிக்கவில்லை என்றும் இருக்கலாம்.

குகன் வழக்கு இங்கே நினைவுக்கு வர வேண்டும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் அந்த இளைஞர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்துச் செத்தார் என்றது முதல் பிணப் பரிசோதனை. குடும்பம் ஒப்பவில்லை, இரண்டாவது பரிசோதனை கேட்டு வாங்கியது. உடல் முழுக்க அடிபட்ட உண்மை வெளியே வந்தது. ஒரு காவலருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தாய் அரசின்மீதும் போலீஸ்மீதும் வழக்குப் போட்டார். 2013இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து எட்டு லட்சம் வெள்ளிக்குமேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இது போதுமா என்றால் போதாது. ஒருவர் மட்டுமே அடித்திருப்பார் என்று நம்புகிறவர் யாருமில்லை. ஆனால் அந்தத் தாய் செய்தது கண்ணகி செய்ததில் முதல் பாதி. சான்றைக் கொண்டுபோய்ச் சபையில் உடைத்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குமேல் பிடித்தது. ஓர் இரவில் முடிகிற கத்திக்குத்தை வீரம் என்று பாடுகிறவர்கள், நான்கு வருடம் கோர்ட்டுப் படி ஏறுவதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

சட்டமும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. கொலைக்குத் தூக்கு ஒன்றே தண்டனை என்றிருந்த கட்டாயம் 2023 ஜூலை 4ஆம் தேதியோடு நீங்கியது. தூக்கா, முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியுமா என்று நீதிபதி இப்போது எடைபோட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவின்படி, தண்டனை விதிப்பதற்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டுக்கொண்டால், அந்தக் கொலை தங்களை என்ன செய்தது என்று சொல்ல நீதிமன்றம் அவர்களை அழைத்தாக வேண்டும். நம்மவர்களில் மிகப் பலருக்கு இந்தப் பிரிவு தெரியாது. தூக்குக் கொடு என்று சொல்வதற்கும் அங்கே இடமுண்டு, வேண்டாம் என்று சொல்வதற்கும் இடமுண்டு. எதைச் சொன்னாலும் அது சொல்லாக நிற்கும், தம்பியையோ மகனையோ கொலைகாரனாக்காது.

மன்னிப்பை யாரும் யாரிடமும் கட்டாயப்படுத்த முடியாது. தன் இழப்பை மன்னிக்கும் உரிமை மட்டுமே ஒருவருக்கு உண்டு, பக்கத்து வீட்டாரின் இழப்பை அவர் மன்னிக்க முடியாது. ஆகவே பழி வேண்டாம் என்று சொல்வதும் மன்னித்துவிடு என்று சொல்வதும் ஒன்றல்ல. ஆயுள் முழுக்க மன்னிக்காமல், கொன்றவன் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே சமயம் தன் பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுக்காமல் ஒரு தாய் வாழ முடியும். அப்படி வாழ்கிறவர்கள் நம் தாமான்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படம் வருவதில்லை.

இழவு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செத்தவனின் பையன் மூலையில் நின்றுகொண்டிருப்பான். அவன் தோளைத் தட்டி, “நீதான்டா ஆம்பளப் பிள்ள, பாத்துக்க” என்று சொல்லாதீர்கள். எதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியாது, வேறு யாரோ வந்து விளக்கிவிடுவார்கள். அவன் பசியாறினானா என்று கேளுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அவனை எந்த மோட்டார் சைக்கிள் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும், அதற்கடுத்த மாதம் பஸ் காசு யார் கொடுப்பது என்பதை அந்த வீட்டுப் பந்தலிலேயே பேசி முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.